கண்ணாடி டம்ளரில் இஞ்சி பீர்

இஞ்சி பீர் கலங்கலாக இருக்கும் என்பதே கல்யாணம் ஆகும்வரை எனக்குத் தெரியாது. ராயபுரத்தில் என் அம்மா வீட்டில் அதைப் பித்தளை டம்ளரில்தான் குடிப்போம். பித்தளை டம்ளருக்குள் எட்டிப் பார்த்து யார் ஆராய்ச்சி செய்யப் போகிறார்கள்? கிறிஸ்துமஸ் காலையில் கோயிலிலிருந்து வந்ததும் ஆளுக்கு ஒரு டம்ளர். மூக்கில் சுர்ரென்று ஏறும், கண்ணில் நீர் முட்டும், அப்பா பெரிதாக ஓர் ஏப்பம் விடுவார். அதோடு எங்கள் வீட்டில் பண்டிகை ஆரம்பம்.

பக்கத்து வீட்டில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் வேறு ஊருக்குப் போகும்போது, அந்த வீட்டம்மாள் என் அம்மாவுக்கு ஒரு ஜாடியில் மண்டி கொடுத்துவிட்டுப் போனாராம். மண்டி என்றால் இஞ்சி பீரின் அடியில் தங்குகிற வண்டல். தயிருக்கு உறைமோர் எப்படியோ அப்படி இதற்கு அது. அதற்குத் தினமும் கொஞ்சம் சர்க்கரையும் சுக்குப்பொடியும் போட்டு அம்மா வளர்த்துவந்தாள். எங்களுக்குப் பால் தர மறந்த நாள் உண்டு, மண்டிக்குச் சர்க்கரை போட மறந்த நாள் கிடையாது.

நான் வாழ்க்கைப்பட்டது திருவொற்றியூரில். திருநெல்வேலிப் பக்கத்துத் தேரிக்காட்டிலிருந்து வந்து கருப்பட்டிக் கடை வைத்த குடும்பம். மாமனார் காலமாகிவிட்டார், அத்தைதான் கடையில் உட்காருவார். கடைக்குப் பின்னால் வீடு. கணவருக்குத் துறைமுகத்தில் ஏற்றுமதிக் கிடங்கில் குமாஸ்தா வேலை. கோயில் பாட்டுக்குழுவில் என்னைப் பார்த்து, கட்டினால் இவளைத்தான் என்று ஒற்றைக்காலில் நின்று கட்டிக்கொண்டார். அத்தை சம்மதித்தார், ஆனால் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மருமகளாகப் போனவளுக்குத் தெரியும்.

நான் வைத்த மீன் குழம்பு அந்த வீட்டில் "மெட்ராஸ் குழம்பு". வாய் தவறி ஒரு "கீது" சொல்லிவிட்டால் என் நாத்தனாருக்கு அன்று முழுக்கச் சிரிப்பு. வாய்க்கு வாய் மைனி என்பாள், அவர்கள் ஊரில் அண்ணிக்கு அதுதான் சொல். நல்ல பெண்தான், கெட்ட எண்ணம் கிடையாது, ஆனால் சிரிப்பாள். என் அம்மா கொடுத்தனுப்பும் பலகாரம் எல்லாம் மரியாதையாக வாங்கி வைக்கப்பட்டு, மரியாதையாக வேறு யாருக்கோ போய்விடும். அம்மா வந்தால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, "சரி, நா வரேன்" என்று எழுந்துவிடுவாள்.

இந்த நிலையில் நாத்தனாருக்கு வரன் அமைந்து, நிச்சயதார்த்தம் வீட்டிலேயே என்று முடிவாயிற்று. அத்தை அதற்கென்று பூக்கடை பஜார்ப் பக்கம் போய்ப் புத்தம்புதிய கண்ணாடி டம்ளர்கள் வாங்கிவந்தார். வருகிறவர்களுக்குக் குடிக்க என்ன கொடுக்கலாம் என்ற பேச்சு வந்தது. எலுமிச்சைச் சாறு என்றாள் நாத்தனார். சோடா என்றார் இவர். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"எங்க அம்மா வூட்டு இஞ்சி பீர் போடலாம்" என்றேன்.

அத்தை கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "என்னது? பீரா? நம்ம வீட்லயா?"

ஊரெங்கும் மதுவிலக்கு வந்திருந்த காலம். அந்தச் சொல்லையே அந்த வீட்டுச் சுவர் அதுவரை கேட்டிருக்காது. "பேருதாம்மா அப்படி. இஞ்சித் தண்ணிதான். நான் குடிச்சிருக்கேன்" என்று இவர் சமாளித்தார். நானும் விடாமல் மறுநாளே அம்மாவிடமிருந்து ஒரு பாட்டிலும் கொஞ்சம் மண்டியும் வாங்கிவந்து, பாட்டிலைத் திறந்து ஒரு புது டம்ளரில் ஊற்றினேன். அப்போதுதான் நானே அதை முதன்முதலாகக் கண்ணாடியில் பார்க்கிறேன். அரிசி கழுவின தண்ணீரின் நிறம். மேலே வெள்ளை நுரை.

"இது கள்ளுல்லா" என்றார் அத்தை.

அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு என்னவோ போல் ஆயிற்று. "எங்கய்யா பனையேறினவரு. பதனி எறக்குனாரு, நாங்க கருப்பட்டி காய்ச்சுனோம். ஒரு சொட்டுக் கள்ளு எறக்கல. அப்படியும் பள்ளிக்கூடத்துல எம்பேரு கள்ளுக்காரன் மக. எம்மக நிச்சயத்துக்கு, மாப்பிள்ள வீட்டுக்காரங்க முன்னால, ஐயரு முன்னால, இத நான் எடுத்து வைக்கணுமா?" என்று கேட்டார். ஐயர் என்று அவர்கள் சொல்வது சபைப் போதகரை.

என் வாய் பதில் இல்லாவிட்டாலும் மூடாது. "தெளிய வெச்சா?" என்றேன்.

அத்தை டம்ளரைத் தூக்கி, அதன் பின்னால் தன் ஆட்காட்டி விரலை வைத்தார். "இந்த விரல் இந்தப் பக்கம் தெரியணும். தெரிஞ்சா வைக்கேன். தெரியலன்னா மொத்தத்தையும் சாக்கடையில கொட்டிரு. அப்புறம் உங்கம்மா வீட்டுப் பானம்னு ஒரு பேச்சு இந்த வீட்ல வரப்படாது."

"சரி" என்றேன். எனக்கு வந்த ரோஷத்துக்கு எதற்கும் சரி என்றிருப்பேன். நிச்சயதார்த்தத்துக்கு என் அம்மா வருவாள். அவள் வீட்டுப் பொருள் ஒன்று அந்த மேசையில் எல்லோருக்கும் நடுவில் இருக்க வேண்டும், அதை அவள் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கடையில் மிட்டாய் போட்டு வைக்கும் பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று காலியாக இருந்தது. அதைக் கேட்டு வாங்கிக் கழுவி, என் வேலையைத் தொடங்கினேன். அம்மா செய்கிற முறை சுலபம்தான். இஞ்சியை நசுக்கிச் சர்க்கரையோடு தண்ணீரில் கொதிக்கவிட்டு, வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் மண்டியைச் சேர்த்துத் துணி கட்டி வைக்க வேண்டும். அடுத்த நாளே முணுமுணுவென்று குமிழி விட ஆரம்பிக்கும். காதை வைத்துக் கேட்டால் தூரத்தில் சந்தை நடப்பது போலிருக்கும்.

தெளியத்தான் இல்லை. வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடித்தேன், நான்காக மடித்து வடித்தேன். துணிதான் நாசமாயிற்று. பிறகு தேற்றாங்கொட்டை ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் கலங்கிய கிணற்றுத் தண்ணீருக்குப் பானையின் உட்புறம் அந்தக் கொட்டையை உரைத்துவிட்டால் சேறெல்லாம் அடியில் போய்விடுமே. இதற்கும் உரைத்தேன். கொஞ்சம் இறங்கியது. இறங்கியதை அடியிலிருந்து கிளம்பிய குமிழி எல்லாம் மறுபடி மேலே தூக்கிவந்தது. பொங்கி அடங்காத பானத்தைத் தெளியவைக்க முடியாது என்கிற முதல் பாடம் அன்று படித்தேன். அதற்குள் பொறுமையில்லாமல் அதைப் பாட்டிலில் அடைத்துக் கார்க்கை நூலால் இறுக்கிக் கட்டிவிட்டேன். அது இரண்டாவது பாடம்.

மறுநாள் மத்தியானம் எங்கள் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். போதகரின் மனைவி கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருக்கிறார். பின்கட்டில் டப் என்று ஒரு சத்தம். எல்லோரும் ஒரு கண்ணைத் திறந்தார்கள். மறுபடி டப், டப். பிறகு கண்ணாடி சிதறும் ஓசை. அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. பாட்டுப் புத்தகத்தை எடுத்து, யாரும் கேட்காமலே ஒரு ஞானப்பாட்டை உச்சக்குரலில் ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். பாட்டு முடியும்வரை பின்னால் பாட்டில்கள் தாளம் போட்டன.

கூட்டம் கலைந்ததும் அத்தை சொன்னது ஒரே வாக்கியம். "சோடா பாட்டில்னு சொல்லியிருக்கேன், என்னையும் பொய் சொல்ல வச்சிட்ட."

சிரிக்கக் கூடாத நேரம். நாத்தனார் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஓடியவளுக்கு அன்று மாலை வயிற்று உப்புசம். அவளுக்குக் கொடுக்க இஞ்சி இடித்துச் சாறு பிழிந்து கிண்ணத்தில் வைத்தேன். சற்று நேரம் கழித்து எடுத்தால், கிண்ணத்தின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒரு படிவு. எல்லா வீட்டிலும் அதை நீக்கிவிட்டு மேல்சாற்றைத்தான் கொடுப்பார்கள். நானும் எத்தனையோ தரம் நீக்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் பொறி தட்டியது. இது மாவு. இந்த மாவோடு சேர்த்துத்தானே இஞ்சியைக் கொதிக்க வைக்கிறோம்? கஞ்சி காய்ச்சிவிட்டு, கஞ்சி ஏன் தெளியவில்லை என்று அழுதுகொண்டிருக்கிறேன்.

நாத்தனாரின் வயிற்றை மறந்துவிட்டு, இருந்த இஞ்சி எல்லாவற்றையும் இடிக்க உட்கார்ந்தேன். சாற்றைத் தெளியவைத்து, மாவை ஒதுக்கி, மேல்சாற்றை மட்டும் சர்க்கரைத் தண்ணீரில் சேர்த்துப் போட்டேன். இந்தத் தடவை பொங்கி அடங்கும்வரை காத்திருந்தேன். கலங்கல் பாதியாகக் குறைந்திருந்தது. டம்ளரின் பின்னால் விரலை வைத்தால் ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது. விரல் என்று சொல்ல முடியாது.

அன்று சாப்பிடும்போது இவர் தற்செயலாக ஒன்று சொன்னார். கிடங்கில் சில மூட்டைகள் வந்திருக்கின்றனவாம். மீன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையை உலர்த்தி மூட்டை கட்டிச் சீமைக்கு அனுப்புகிறார்களாம். "அங்க பீர் தெளிய வைக்கதுக்காம். எப்படின்னு தெரியல. மூட்டை நாத்தம் தாங்கல."

அந்தப் பையா? ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த மீனவர் தெருவில், பெரிய கத்தாழை மீனை அறுத்தால் வருகிற அந்தப் பையைக் கயிற்றில் கோத்துத் துணி போலக் காயவைத்திருப்பார்கள். சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, ஈரப் பையைக் காலால் மிதித்துப் பட்டென்று வெடிக்க வைப்பதுதான் எங்கள் தீபாவளி. நான் தேடி அலைந்த பொருளை மிதித்து விளையாடி இருக்கிறேன்.

விடிந்ததும் பஸ் பிடித்து அம்மா வீட்டுக்குப் போனேன். நல்லதாக உப்புப் போடாத காற்றுப்பை வேண்டும் என்றதும் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாத்துக்குடி அது? துன்றதுக்கா?"

"வேல கீது, குடும்மா."

காரணம் சொல்லவில்லை. நிச்சயதார்த்தத்தன்று மேசையில் பார்த்து அவள் வாய் பிளக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அம்மா தெருவில் கேட்டு வாங்கி ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். வாசல் வரை வந்து, "நம்ம ஜாடி போன வாரம் கீழ வுழுந்து ஒட்ஞ்சி பூட்ச்சி. மண்டி மொத்தமும் போச்சி" என்றாள். எனக்கு இருந்த பரபரப்பில் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

வந்த வேகத்தில் பாதிப் பையைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றினேன். வேறு என்ன செய்வேன்? நம் சமையலில் கரைய வேண்டியது எதுவானாலும் அடுப்பில் வைப்பதுதான் பழக்கம். கொதித்தது, கரைந்தது, நாறியது. ஆறினால், தச்சுப் பட்டறையில் மரம் ஒட்ட வைத்திருக்கும் பசை. அதில் கொஞ்சத்தை ஒரு டம்ளர் பானத்தில் ஊற்றிப் பார்த்தேன். இருந்த தெளிவும் போயிற்று. நாத்தனார் சமையலறை வாசலில் வந்து நின்று, "மைனி, அலமாரிக் கதவு ஆடுது, ஒட்டக் கொஞ்சம் தாங்க" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பாதிப் பைதான் மீதம். நிச்சயதார்த்தமும் நெருங்கிவிட்டது.

மீதிப் பையைப் பச்சைத் தண்ணீரில் போட்டேன். ஊறி மெத்தென்று ஆனது, கரையவில்லை. சூடும் காட்டக் கூடாது, கரையவும் வேண்டும். இரவுக் குழம்புக்கு மீன் கழுவ உட்கார்ந்தபோதும் மனசு அதிலேயே இருந்தது. எலுமிச்சம்பழத்தை நறுக்கி மீன்மேல் பிழியப் போனபோது, அம்மா எனக்குச் சின்ன வயதிலிருந்து படித்துப் படித்துச் சொன்னது காதில் விழுந்தது: "எலுமிச்சி போட்டு ரொம்ப நேரம் வெக்காதடி, மீனு கொழஞ்சி பூடும்."

குழைந்து போகும். அடுப்பில்லாமல் குழைந்து போகும்.

மீனைப் போட்டது போட்டபடி ஓடினேன். ஊறிய பையை அரிவாள்மணையில் மெல்லிய நூலாக அரிந்து, குளிர்ந்த தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து அதில் போட்டு, மத்தால் கடைந்து மூடிவைத்தேன். மறுநாள் மாலை அது கண்ணாடி போன்ற கொழகொழப்பான கூழாகியிருந்தது. நாற்றமும் இல்லை. துணியில் பிழிந்து, மாவை ஒதுக்கிப் போட்டுப் பொங்கி அடங்கியிருந்த ஜாடியில் விட்டு ஒரு கிளறு கிளறி, ஈரச்சாக்கைச் சுற்றி மூலையில் வைத்தேன். ஜெபம் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இஞ்சி பீருக்காக ஆண்டவரைத் தொந்தரவு செய்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

காலையில் சாக்கை விலக்கினேன். ஜாடிக்குள் மேலே ஒரு சாண் உயரத்துக்கு ஒன்றுமே இல்லை. அவ்வளவு தெளிவு. அதற்குக் கீழே, திரிந்த பால் போலச் சின்னச் சின்னத் திப்பியாகக் கலங்கல் மொத்தமும் இறங்கிக்கொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் இவர் வாயில் பல்பொடியோடு ஓடிவந்தார். நாத்தனார் பாதிப் பின்னலோடு வந்தாள். கடைசியாக அத்தை வந்து, குனிந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போனார்.

அரைமணி நேரத்தில் தீப்பெட்டி எடுக்க வந்தார். பிறகு சாக்குக் கட்டும் ஊசி எடுக்க வந்தார். பிறகு எதை எடுக்க வந்தார் என்பதை அவரே மறந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் ஜாடி முன்னால் ஒரு நிமிடம். மாலையில் வேலையிலிருந்து வந்த இவர் பூட்ஸ் காலோடு தடதடவென்று உள்ளே நுழைந்ததும், கடையிலிருந்து அத்தை குரல் வந்தது. "மெதுவா நடலே. கலங்கிரும்லா."

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டோம்.

இன்னொன்றும் அன்றுதான் கண்டுபிடித்தேன். அடுத்த தடவைக்கு விதையாகத் தனியே எடுத்துவைத்திருந்த மண்டியை, இத்தனை அமளியில் நான் அடியோடு மறந்திருந்தேன். பசியில் செத்திருக்கும் என்று பயந்து திறந்தால், நன்றாகக் குமிழி விட்டுக்கொண்டு கருத்துப் போய் இருந்தது. முகர்ந்து பார்த்தேன். கருப்பட்டி வாசனை. அந்த வீட்டில் கருப்பட்டியைப் பொடித்துப் போடக்கூடியவர் ஒருவர்தான். மூடியைப் போட்டு இருந்த இடத்திலேயே வைத்தேன்.

தெளிந்ததை ரப்பர் குழாய் வைத்து அசையாமல் பாட்டில்களில் இறக்கினோம். சுர்ரென்ற வேகம் வேண்டுமே என்று ஒவ்வொன்றிலும் ஓர் உலர்ந்த திராட்சை போட்டு, கழுத்தில் காலியிடம் விட்டு, ஈர மணலில் நிறுத்தினேன். ஒன்றுகூட வெடிக்கவில்லை. நிச்சயதார்த்தத்தன்று காலையில் ஒரு பாட்டிலைத் திறந்து, அடி கலங்காமல் சாய்த்து ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அத்தையிடம் கொடுத்தேன்.

அத்தை டம்ளரின் பின்னால் விரலை வைத்தார். விரல் தெரிந்தது. நகம் தெரிந்தது. சின்ன வயதில் பதனீர் காய்ச்சும்போது பாகு தெறித்துச் சுட்ட தழும்புகூடத் தெரிந்தது. அதை அவரும் பார்த்தார். பிறகு டம்ளரைக் கீழே வைக்காமல், ஒரே மூச்சில் குடித்தார். கண்ணில் நீர் முட்டியது. அது இஞ்சி செய்த வேலை என்றே வைத்துக்கொள்ளலாம்.

"மேசையில வை" என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். போதகர் ஐயா இது எந்தக் கடைச் சரக்கு என்று விசாரித்தார். என் அம்மா வழக்கம்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நான் கொடுக்கப் போனபோது அத்தை தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தானே போனார். அம்மா டம்ளரைப் பார்த்துச் சோடா என்றுதான் நினைத்தாள். ஒரு வாய் குடித்தாள். மூக்கைச் சுளித்தாள். இன்னொரு வாய் குடித்துவிட்டு, டம்ளரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, பிறகு என்னைத் தேடினாள். நான் கதவோரம் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.

விருந்தினர் எல்லோரும் போனபிறகு அம்மா தயங்கித் தயங்கி அத்தையிடம் கேட்டாள். "சம்மந்தியம்மா, எங்க வூட்டு ஜாடி ஒட்ஞ்சி பூட்ச்சி. கொஞ்சூண்டு மண்டி கீதா? குட்த்தா எடுத்துகினு போறேன்."

அத்தை உள்ளே போய்ச் சின்ன ஜாடி ஒன்றில் ஒரு கரண்டி மட்டும் எடுத்துவந்தார். மூடியை இறுக்கினார். "நிறைய தர முடியாது மைனி, எங்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு வேணும். இது எங்க வீட்டு மண்டி. கருப்பட்டி போட்டு வளத்தது. மறக்காம தெனமும் ஏதாவது போடணும், இல்லன்னா செத்துப் போவும், கேட்டேளா?"

அத்தனை வருடம் அந்த மண்டியை வளர்த்த என் அம்மா, ஒன்றும் தெரியாதவள் போல முழுவதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு ஜாடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "சரி மைனி, மறக்காம போட்றேன்" என்றாள்.